வரைந்து கற்பித்த மருத்துவ மேதை

ஒரு பெண்மணியின் கழுத்தில் கட்டி. வைத்தியர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர் அதனைக் கீறினார். கட்டியின் அடியே செல்லும் இரத்தக் குழாய்களை அவர் அறிந்திருக்கவில்லை. குழாய்கள் அறுபட்டன, உதிரம் நில்லாது பெருகி அப்பெண்மணி உயிர் துறந்தார். அதனைக் கண்ணெதிரே கண்டு, பின்னர்த் தம் நூலில் எழுதி வைத்தவர்களே அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள்.

ஸ்பெயின் நாட்டில், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரச நகரில் கி.பி. 936 வாக்கில் அன்னார் பிறந்தார்கள். மதீனத்து அன்சாரிகளின் வழிவந்தோர் என்பதைப் பெயரோடு வழங்கும் அல் அன்சாரி என்ற சொல் உணர்த்தும். கலீஃபா இரண்டாம் அல்ஹகமின் அரண்மனை மருத்துவராய் விளங்கினார்கள் என்பர்.

ஏறத்தாழ கி.பி. 1000இல் அன்னார் நிறைவு செய்த 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி ரண சிகிச்சை பற்றியது. எலும்பு, நரம்பு, தசை, இரத்தக் குழாய் ஆகியவை எங்கே தொடங்குகின்றன, எவ்வழியே செல்கின்றன என்பதைக் கல்லாதவர் கத்தியை ஏந்தலாகாது என்று அதன் முன்னுரையிலேயே கண்டிப்புடன் கூறுகிறார்கள். மாணவர்களைத் தம் மக்களாகவே பாவித்து எழுதிய நூல் அது.

சொல் மட்டும் போதாதென அன்னார் கண்டார்கள். சூட்டுக்கோல், கத்தி, பல் பிடுங்கும் குறடு, பேறுகாலக் கருவி எனச் சுமார் 200 கருவிகளைப் பற்றி, அவற்றைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் இடத்திலேயே படமும் வரைந்தார்கள். அவற்றுள் ஒன்று மனத்தைத் தொடுவது: சீழ்க்கட்டியைக் கீறும் கத்தி, நோயாளி கண்டு அஞ்சாதபடி உறைக்குள் மறைந்திருக்கும். கருவியின் அமைப்பிலும் எத்துணை இரக்கம்!

அன்னார் வரைந்தவை கருவிகளே. மனித உடலையே முழு உருவப் படங்களாகக் காட்டி விளக்கும் பாரசீக நூலை ஷீராஸ் நகரத்து மன்சூர் இப்னு இல்யாஸ் அவர்கள் இயற்றியது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

உள்நாட்டுக் கலகத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா பாழாயிற்று. கி.பி. 1013 வாக்கில் அன்னாரும் வஃபாத்தானார்கள். நூலோ வாழ்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரெமோனா ஜெரார்டு ரண சிகிச்சைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். பிரதி எடுத்தோர் கை பிசகிச் சில படங்கள் உருமாறினும், ஐரோப்பிய மருத்துவர்கள் அவற்றைப் பார்த்தே பயின்றனர். 1497இல் வெனிஸ் நகரில் அது அச்சேறியபோது, ஆசிரியர் பெயர் அல்புகாசிஸ் என்று திரிந்திருந்தது.