நீல நிறத்தில் ஒளிந்திருந்த கணக்கு

நம் வேதியியல் ஆய்வகத்தில் நிறமானியைக் கையாளாத மாணவர் இல்லை. கரைசலின் நிறம் அடர்ந்தால் அதிலுள்ள பொருளும் மிகுதி என்பது நமக்குப் பழகிய பாடம். இந்தப் பாடத்தைக் கொண்டு மனித இரத்தத்தையே அளந்து காட்டியவர் நம் சென்னையில் படித்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ஆம் நாள் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறை எழுதித்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரி. அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கைநழுவ, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அவர் வாழ்வைத் திருப்பியது குடல்நோய். உண்ட உணவின் சத்தைச் சிறுகுடல் உறிஞ்ச இயலாமல் உடல் உருகும் ‘ஸ்புரு’ என்னும் நோய்க்கு உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அவரையும் அந்நோய் பற்றியது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார். அந்நோயை வெல்ல வேண்டும் என்ற வைராக்கியமே அவரைக் கடல் கடக்க வைத்தது.

பாஸ்டனில் ஹார்வர்டில் படித்துக்கொண்டே, மருத்துவமனையில் இரவுப் பணியாளாக நோயாளிகளின் மலஜலக் கலங்களைக் கழுவினார். 1925-இல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். இரத்தத்திலிருந்து புரதத்தை நீக்கி, மாலிப்டேட் சேர்த்து, ஒடுக்கியால் நீல நிறம் வரவழைப்பது அம்முறை. அந்த நீலமே கணக்குச் சொன்னது! உலகெங்கும் ஆய்வகங்கள் அதனைக் கைக்கொண்டன.

1940-இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-இல் அவரது குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்புரு நோயாளியின் இரத்தச்சோகையை அம்மருந்து ஆற்றியது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்குப் பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை அது. போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் அந்தக் கூடத்தில் பிறந்ததே. 1948 ஆகஸ்டில், தாய்நாட்டுக்குத் திரும்பாமலே, 53 வயதில் மறைந்தார்.

இவர் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் என் தந்தைக்குக் குரோன் நோய். ஸ்புரு வேறு, குரோன் வேறு; ஆயினும் வாடுவது அதே குடல்தான். குறித்த காலந்தோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், ஆங்கில அறிக்கையை வாசித்துப் பொருள் சொல்வது என் பொறுப்பு. தறியில் உட்காரலாமா என்பது ஒன்றுதான் அப்பாவின் கேள்வி.

ஹீமோகுளோபின் குறைந்தால், குடற்புண்ணில் இரத்தம் கசிகிறது அல்லது சத்துச் சேரவில்லை என்று ஐயுறலாம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் ஏறினால் உடலில் அழற்சி மூண்டிருக்கிறது. அல்புமின் இறங்கினால் நோய் கடுமை. பெருங்குடற்புண் நோயின் கடுமையை வகுக்க, 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்கள் காய்ச்சல், நாடித்துடிப்பு, மலப்போக்கு ஆகியவற்றோடு ஹீமோகுளோபினையும் ஈ.எஸ்.ஆரையும் சேர்த்தார்கள். ஆனால் எண் மட்டுமே தீர்ப்பாகாது. குடல் புண்பட்டிருந்தும் சிலருக்குச் சி.ஆர்.பி. ஏறுவதில்லை. ஆகவேதான் மருத்துவர் மலப் பரிசோதனையும் உள்நோக்குக் கருவியும் கொண்டு சரிபார்க்கிறார்.

குரோன் நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி பயன் தரும் என்று 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது. சுப்பாராவுக்கு நம் அரசு அஞ்சல்தலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இன்று என் தந்தைக்கு வாரம் ஒரு மெத்தோட்ரெக்சேட் ஊசி. அதன் தீங்கு தணிக்கப் போலிக் அமில மாத்திரை. இரண்டும் அவர் குழுவின் கொடை. போன முறை ஹீமோகுளோபின் சற்று ஏறியிருந்தது. மருத்துவரும் இசைந்தார், அப்பா அரைநாள் தறி ஓட்டுகிறார்.

நண்பர்களே, செய்முறை வகுப்பில் நீல நிறம் கண்டதும் மதிப்பெண்ணுக்காக எண்ணைக் குறித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும் வீடுகள் பல.