தாளம் பயிற்றுவித்த நாதமுனிகள்

வைணவ ஆசாரிய பரம்பரையின் முதல்வரான ஸ்ரீமந் நாதமுனிகள், காட்டுமன்னார்கோயில் என்னும் வீரநாராயணபுரத்தில் அவதரித்து, கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தருளியவர். மறைந்து கிடந்த 4000 பாசுரங்களையும் திருக்குருகூரில் நம்மாழ்வாரின் அருளால் பெற்றார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

ஏடு செல்லரிக்கும், செவியும் கையும் பழகிய வித்தையோ சீடன் உள்ளவரை வாழும். ஆதலின் பாசுரங்களுக்குப் பண்ணும் தாளமும் வகுத்து, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் பயிற்றுவித்தருளினார். ஒருங்கே ஒலித்த பல தாளங்களின் எடையை ஓசை கொண்டே பிரித்துரைத்த செவி அவருடையது என்பர் பெரியோர். அத்தகைய ஆசானிடம் சிறு பிழையும் தப்புமோ?

அவ்வழி வந்த அரையர் சேவை திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் இன்றும் கைத்தாளத்துடன் நடைபெறுகின்றது. அங்கே சேவிக்கும் அடியார் செவியில் விழுவது, அம்மருமக்கள் இருவரும் கற்ற பாடத்தின் ஒலியேயாகும்.