புதுமைப்பித்தன்: கருவிக்கு அகப்படாத மனம்

தமிழ் அறிவியல் புனைகதையின் வரலாற்றைச் சுஜாதாவிலிருந்து தொடங்குவது வழக்கம். மனத்தைப் படித்தல் என்னும் பொருண்மையை முன்வைத்து நோக்கினால், அத்தொடக்கத்தைப் புதுமைப்பித்தன் வரை பின்னோக்கி நகர்த்த வேண்டியிருக்கும்.

சொ. விருத்தாசலம் 1906 ஏப்ரல் 25 அன்று, நெல்லிக்குப்பத்துக்குக் கிழக்கே கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அவரது இயற்பெயரும் அம்மாவட்டத்து ஊர்ப்பெயரே. தந்தை சொக்கலிங்கம் பிள்ளையின் அரசுப் பணியையொட்டிக் குடும்பம் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி எனப் பெயர்ந்தது. இளமையிலேயே தாயை இழந்தார். 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. மொழிநடை கருதி அவரை நெல்லை எழுத்தாளர் என்பது பொருந்தும். எனினும் முதல் பன்னிரண்டு ஆண்டுகள் தென்னார்க்காட்டுக்குரியவை.

அவர் பட்டம் பெற்று எழுத்துலகில் நுழைந்த காலம், மனத்தை அளந்துவிடலாம் என்று மேலைநாடுகள் நம்பிய காலம். தொலைவிலுணர்தலைக் குறிக்கும் டெலிபதி என்னும் சொல்லை ஃபிரெடரிக் மையர்ஸ் 1882இல் ஆக்கினார். மனித மூளையின் மின்னலைப் பதிவுகளை ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டார். புனைகதையும் எண்ணங்களைப் படிக்கும் கருவிகளைக் கற்பனை செய்தது. புதுமைப்பித்தன் அக்கருவியை ஏற்கவில்லை, கதைசொல்லலையே கருவியாக்கினார்.

'மனித யந்திரம்' இதற்குத் தக்க சான்று. மளிகைக் கடைக் கணக்கர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பல்லாண்டுகள் பிசகாது கணக்கெழுதியவர். ஒருநாள் பெட்டிப் பணத்துடன் கொழும்புக்கு ஓடத் துணிந்து ரயிலேறுகிறார். பிறகு இறங்கிக் கடைக்குத் திரும்பிப் பணத்தை வைத்துவிட்டு, செலவான சில்லறையைத் தம் பற்றில் எழுதுகிறார். பேரேட்டில் எஞ்சுவது அச்சில்லறை மட்டுமே. அன்றிரவு அவருள் நிகழ்ந்த பெருங்கலகத்தை எந்த ஏடும் காட்டாது. வாசகர் மட்டுமே அறிவார். யந்திரம் என்னும் தலைப்பின் எள்ளல் இங்கே கூர்மை பெறுகிறது: யந்திரமாகவே வாழ்ந்தவரின் உள்ளே யந்திரத்துக்குப் புலப்படாத ஒன்று இருக்கிறது.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை அவர் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கியதைத் தற்செயலாகக் கொள்ள இயலாது. 1818இல் வெளிவந்த அந்நாவலில் அறிவியல் ஓர் உடலை ஆக்குகிறது. ஆக்கியவனோ அவ்வுடலில் விழித்த மனத்தை அறிய மறுக்கிறான். கேடுகள் பலவும் அம்மறுப்பிலிருந்தே விளைகின்றன. அறிவியல் புனைகதையின் தொடக்க நூல் எனப் பலரும் கொள்ளும் இதனைத் தேர்ந்த கை, 'மனித யந்திரம்' எழுதிய கையே. புதுமைப்பித்தன் ஆய்வுகளில் மொழிபெயர்ப்புகள் பின்னிணைப்பாகவே நிற்பதால் இவ்வுறவு போதிய கவனம் பெறவில்லை.

'காஞ்சனை' ஒருபடி மேலே செல்கிறது. கதைசொல்லியே எழுத்தாளர், பிறர் மனத்துள் புகுவது அவர் தொழில். வீட்டுக்கு வந்த பெண் யாரென்பதையோ, தாம் கண்டது புறத்தே நிகழ்ந்ததா அகத்தே நிகழ்ந்ததா என்பதையோ அவரால் துணிய முடியவில்லை. பேய்க்கதை என்ற வகைப்பாடு இக்கதைக்குக் குறுகியது.

நாளிதழ்ப் பணிகளுக்குப் பின் திரைப்படத்துறைக்குச் சென்ற அவர், 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனேயில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். இறுதிக்காலக் கதையான 'கயிற்றரவு', பரமசிவம் பிள்ளை என்னும் ஒருவரின் நினைவுக்குள் காலமே குழம்புவதைத் தொடர்கிறது.