இராமன் காத்த பொன்

பாட்டைக் கொண்டு பொருள் தேடினோர் பலர். பாட்டைக் கொண்டு பரம்பொருளையே தேடி, தம்மை நாடி வந்த பொருளையும் அவன் திருவடிக்கே உரியதாக்கினோர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் திருவையாற்று ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள்.

ஸ்வாமிகள் 1767-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் திருவாரூரில், ராமப்பிரம்மத்திற்கும் சீதம்மாளுக்கும் புதல்வராய் அவதரித்தார். அத்தலத்து இறைவனின் திருநாமமே அவருக்கு இடப்பெற்றது. பின்னர்க் குடும்பம் காவிரிக்கரையிலுள்ள திருவையாற்றில் குடியேறியது. சொண்டி வேங்கடரமணய்யரிடம் சங்கீதம் பயின்ற ஸ்வாமிகள், இராமநாம ஜபத்தையும் இசையையும் இரு கண்களாகப் போற்றினார். உஞ்சவிருத்தியால் கிடைத்ததைக் கொண்டே இல்லறம் நடத்தினார். நாடி வந்த சீடர்களுக்கும் வித்தையை வாரி வழங்கினார். தஞ்சை அரண்மனையினின்று வந்த அழைப்பையும் அவர் ஏற்க மறுத்தார் என்பது வழிவழி வந்த செய்தி.

இத்தகைய பெரியார், காஞ்சி உபநிஷத் பிரம்மேந்திரரின் அழைப்பையொட்டி, 1839-ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்த நிலையில் வடதிசை யாத்திரை மேற்கொண்டார். அந்த யாத்திரையில் சென்னைப் பட்டினத்திற்கும் எழுந்தருளினார். சங்கீத சபைகள் தோன்றாத காலம் அது. கோயில்களும் செல்வர் இல்லங்களுமே அந்நகரில் இசை அரங்குகளாய் விளங்கின. பந்தர் தெருவில் வாழ்ந்த கோவூர் சுந்தர முதலியார் ஸ்வாமிகளைத் தம் இல்லத்தில் எழுந்தருளச் செய்து உபசரித்தார். அங்கே ஸ்வாமிகள் தேவகாந்தாரி ராகத்தைப் பல நாட்கள் விரித்துப் பாடியதை இசையுலகம் இன்றும் வியந்து பேசுகிறது.

தம் சொந்த ஊராகிய கோவூருக்கும் எழுந்தருள வேண்டுமென முதலியார் விண்ணப்பித்துக்கொண்டார். ஸ்வாமிகளோ மானிடரைப் பாடாத நாவினர். ஆகவே அன்பரின் ஊரில் கோயில் கொண்டருளும் சுந்தரேசுவரரைப் பாடினார். சஹானா, கரஹரப்பிரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம் ஆகிய ராகங்களில் அமைந்த அவ்வைந்து கிருதிகளே கோவூர்ப் பஞ்சரத்தினம் எனப் பெயர் பெற்றன. முதலியாரின் புகழை ஸ்வாமிகள் பாடவில்லை. ஆயினும் கோவூர் ஈசனைப் பாடுமிடமெல்லாம் முதலியாரின் நினைவும் உடன் நிற்கிறது.

ஸ்வாமிகள் விடைபெற்றபோது முதலியார் பல்லக்கு அமைத்துக் கொடுத்தார். நேரே கொடுத்தால் ஏற்கமாட்டார் என்பதை உணர்ந்து, ஸ்ரீராமநவமி உற்சவத்திற்கென ஆயிரம் பொன்னைச் சீடர்களிடம் கூறிவிட்டுப் பல்லக்கினுள் மறைத்து வைத்தார். வழியில் ஓர் இரவு, காட்டுப் பாதையில் கள்வர் சூழ்ந்து கல்லெறியத் தொடங்கினர். சீடர்கள் நடுங்கினர். கையில் பொருளேதும் இல்லாதபோது கள்வருக்கு அஞ்சுவானேன் என்று ஸ்வாமிகள் வினவ, சீடர்கள் பொன் இருப்பதைக் கூறினர். அதனைக் கள்வருக்கே கொடுத்துவிடும்படி பணித்தார் ஸ்வாமிகள். அப்பொன் தமக்காக அன்று, இராமபிரானின் உற்சவத்திற்காக அளிக்கப்பெற்றது என்று அறிந்தவுடன் அவர் உள்ளம் வேறாயிற்று. இராமனுடைய பொருளை இராமனே காப்பான் என்று துணிந்து, முன்னும் பின்னும் துணை வரும்படி அவனை வேண்டித் தர்பார் ராகத்தில் பாடினார். சற்று நேரத்தில் கள்வர் வந்து அவரடியில் வீழ்ந்தனர். வில்லேந்திய இரு இளைஞர்கள் பல்லக்கின் இருபுறமும் தோன்றித் தங்களை அம்பு மாரியால் விரட்டியதாக அவர்கள் கூறினராம். இராமலக்ஷ்மணரே அவ்விளைஞர்கள் என்று அன்பர்கள் இன்றளவும் போற்றி வருகின்றனர்.

1847-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று, துறவு பூண்ட நிலையில் ஸ்வாமிகள் திருவையாற்றில் சித்தியடைந்தார். ஆண்டுதோறும் அத்திதியில் அங்கே ஆராதனை நடைபெறுகிறது.

தமக்கென வந்த பொன்னைக் கள்வருக்கும் விட்டுக்கொடுக்கத் துணிந்த உள்ளம், இறைவனுக்கென வந்த பொன்னை அவன் காவலிலேயே ஒப்புவித்தது. கொடுத்தவர் தம் பெயரை முன்னிறுத்தவில்லை. கொண்டு சென்றவரும் தமதென்று கருதவில்லை. எனவே அதற்கு உடையவன் இறைவனே ஆனான். திருக்கோயில் திருப்பணிக்கு மனமுவந்து அளிக்கப்படும் ஒவ்வொரு காசும் அத்தகையதே. அதனைக் காப்பதும், கொடுத்தோர் குலத்தை வாழ்விப்பதும் அவன் திருவருளே ஆகும்.