ரயிலில் ஏறக் கூடாதுன்னு சொன்னாங்க... நடந்தே பாப்பாரப்பட்டி வந்தார் சுப்பிரமணிய சிவா!

2016-ல் கொச்சி பினாலேவுக்குப் போனவங்களுக்கு அந்தப் பெரிய குடோன் நிச்சயம் ஞாபகம் இருக்கும். ஆஸ்பின்வால் ஹவுஸில் ஒரு கூடம் முழுக்கக் கடல் தண்ணீரை நிரப்பி வெச்சிருந்தார், சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா. செருப்பைக் கழட்டி, பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு அந்தத் தண்ணிக்குள்ள நடக்கணும். சுவரில் அவரோட கவிதை வரிகள். கடைசிச் சுவர் வரைக்கும் போனாத்தான், இது கடலில் மூழ்கி இறந்த சிரியச் சிறுவன் காலிப் குர்திக்கானதுன்னு புரியும். அவன் தம்பி ஆலன் கரையில் கிடந்த போட்டோவை உலகமே பார்த்தது. காலிப்பை யாரும் பார்க்கலை.

இதைத்தான் இன்ஸ்டலேஷன் ஆர்ட்னு சொல்றாங்க. வீடியோ, சத்தம், வெளிச்சம், பொருள், எழுத்துனு எதை வேணும்னாலும் சேர்த்துக்கலாம். விஷயம் அதில் இல்லை. சுவரில் மாட்டின படத்தைத் தள்ளி நின்னு பார்த்துட்டு வந்துடலாம். இங்கே உங்க உடம்பையே உள்ளே கொண்டு போகணும். கால் நனையும்போது, நாம எங்கே நிக்கிறோம்ங்கிற கேள்வி தானா வந்துடும்.

அப்படி ஒரு இடத்தை நூறு வருஷத்துக்கு முன்னாடி தர்மபுரி பக்கத்துல கட்ட நினைச்சார் ஒருத்தர். இன்ஸ்டலேஷன்ங்கிற வார்த்தையே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அவர் சுப்பிரமணிய சிவா. ஸ்கூல் புக்கில் வ.உ.சி பாடத்தில் ஒரு வரியில் வந்துட்டுப் போவாரே, அவரேதான்.

1884 அக்டோபர் 4-ம் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர். வறுமையான குடும்பம். திருவனந்தபுரத்தில் இலவசச் சாப்பாடு கிடைத்த இடத்தில் சாப்பிட்டுப் படித்த பையன், அங்கேயே இளைஞர்களைக் கூட்டி அரசியல் பேச ஆரம்பிச்சதும் திருவிதாங்கூர் அரசு வெளியே அனுப்பிவிட்டது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது வயசு 23. அங்கேதான் வ.உ.சி-யைச் சந்திக்கிறார்.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தாங்க. மைக் கிடையாது, மேடைகூட சரியாக் கிடையாது. கடற்கரை மணலில் தினமும் கூட்டம். அவர் பேச்சைக் கேட்கத்தான் அவ்வளவு பேர் திரண்டாங்க. தொழிலாளர்கள் ஜெயிச்சாங்க. மார்ச் 12-ம் தேதி வ.உ.சி-யும் சிவாவும் கைதானார்கள். அடுத்த நாள் திருநெல்வேலியே கொந்தளித்தது.

ஜூலையில் தீர்ப்பு. சிவாவுக்குப் பத்து வருஷம். வ.உ.சி-க்கு இரண்டு ஆயுள் தண்டனை, அதில் ஒன்று சிவாவுக்கு இடம் கொடுத்து உதவியதற்காக! ஒரு ஃப்ரெண்டுக்காக இப்படி ஒரு விலை. மேல்முறையீட்டில் இருவருக்கும் ஆறு வருஷமாகக் குறைந்தது.

சிறைதான் சிவாவின் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருக்கும்போது தொழுநோய் பற்றிக்கொண்டது. 1912 நவம்பரில் வெளியே வந்தவருக்கு வயசு 28. குணப்படுத்தும் மருந்து எதுவும் அப்போ இல்லை. இன்னிக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிற கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்கு இன்னும் 70 வருஷம் இருந்தது.

இன்னொருத்தராக இருந்தால் ஒதுங்கியிருப்பார். ஒதுங்கச் சொல்லி ஊரும் சொல்லியிருக்கும். சிவா 1913-ல் 'ஞானபாநு' மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதி அதில் எழுதினார். சிவா புத்தகங்கள் எழுதினார், நாடகம் எழுதி நடித்தார், காவி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பேசினார். பேச்சு, பத்திரிகை, நாடகம், உடைனு கையில் கிடைத்த எல்லா மீடியாவும் ஒரே விஷயத்துக்குத்தான். 1921-ல் மறுபடி சிறை. உடம்பு ரொம்ப மோசமானதும் சீக்கிரமே வெளியே விட்டார்கள்.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. தொழுநோயாளி என்பதால் ரயிலில் ஏறத் தடை. பத்திரிகையை நம்பாமல் நேரில் போய் நின்று பேசுகிற ஆளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா? சிவா நடந்தார். புண்ணான கால்களோடு, முடிந்தபோது நடந்தும் முடியாதபோது மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். முகம் திருப்பிக்கொண்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர் பேச்சைக் கேட்பதற்கு முதலில் அவரைப் பார்க்கணும். பார்ப்பதா, விலகுவதா என்று அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் அந்த இடத்திலேயே முடிவு பண்ண வேண்டியிருந்தது. இன்னிக்கு டவுன் பஸ்ஸில் அப்படி ஒருத்தர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சுப் பார்த்தேன். பதில் அவ்வளவு பெருமையா வரலை.

பென்னாகரம் வட்டத்தில் இருக்கிறது பாப்பாரப்பட்டி. அப்போ அது சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். நண்பர்கள் உதவியோடு அங்கே நிலம் வாங்கி, பாரதபுரம் என்று பெயர் வைத்தார் சிவா. சாதி பார்க்காமல் எல்லோரும் உள்ளே வருகிற ஒரு பாரத மாதா கோயில் கட்டணும். அதுதான் திட்டம். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். பல கோயில் வாசலில் பல சாதியினர் நிற்கக்கூட முடியாத காலம் அது. எல்லோரும் உள்ளே வரலாம்னு சொல்லும்போதே, இதுவரைக்கும் யாரை வெளியே நிறுத்தினோம்ங்கிற கேள்வியும் வந்துடுது. அதைக் கட்ட நினைத்ததோ, ரயில் பெட்டிக்குள்ளே விடப்படாத ஒருத்தர்.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. மாடு மீட்கப் போய் செத்த வீரனுக்கு, படமும் எழுத்தும் சேர்த்துக் கல் நட்டு, போகிற வருகிறவர்களை நிற்க வைத்த மாவட்டம் இது. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் அந்த நடுகற்களை இப்பவும் பார்க்கலாம்.

சிவா நினைத்த மாதிரி ஒன்று காசியில் எழுந்தது. சிவபிரசாத் குப்தா கட்டிய பாரத மாதா மந்திர், 1936-ல் காந்தி திறந்து வைத்தார். உள்ளே சாமி சிலையே கிடையாது. தரையில் பளிங்குக் கல்லில் செதுக்கிய பிரிக்கப்படாத இந்தியாவின் வரைபடம், மலை, சமவெளி, கடலோடு. அதைப் பார்க்கும்போது நம்ம ஆட்கள் முதலில் என்ன தேடுவார்கள்? சொந்த ஊரைத்தான்.

பாப்பாரப்பட்டியில் அடிக்கல்லோடு நின்றுபோச்சு. பணம் திரட்ட சிவா மறுபடி ஊர் ஊராகக் கிளம்பினார். கடைசியாக பாரதபுரத்துக்கே திரும்பி வந்தார். 1925 ஜூலை 23-ம் தேதி அங்கேயே இறந்தபோது அவருக்கு 40 வயசுகூட முழுசா முடிஞ்ச பிறகு ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

இப்போ அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கு. தமிழக அரசு கட்டின பாரத மாதா நினைவாலயம் 2021-ல் திறக்கப்பட்டது. தர்மபுரியிலிருந்து பஸ் போகுது. ஒகேனக்கல் ட்ரிப் பிளான் பண்றவங்க ஒரு மணி நேரம் சேர்த்து வெச்சுக்கலாம். முடிஞ்சா, கடைசிக் கொஞ்ச தூரத்தையாவது நடந்து போங்க.