பாக்டீரியாவின் பூட்டைத் திறந்தவர்: ழாக் மோனோ

கற்றறிதல் மனிதனுக்கே உரிய சிறப்பு என்று நாம் எண்ணுகிறோம். கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாவும் ஒரு வேதிப்பொருளை இனங்கண்டு அதற்கேற்ப நடந்துகொள்கிறது. அஃது எவ்வாறு என்ற கேள்விக்குத் தம் வாழ்வில் இருபது ஆண்டுகளைச் செலவிட்டவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ழாக் மோனோ.

1910 பிப்ரவரி 9 அன்று பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஓவியர், தாய் அமெரிக்கர். இளமை தென்கடற்கரை நகரமான கானில் கழிந்தது. சிறுவயதில் தாக்கிய இளம்பிள்ளைவாதம் ஒரு காலை நலியச் செய்தது. ஆயினும் பாறையேறுவதிலும் படகோட்டுவதிலும் அவர் பின்வாங்கவில்லை. செல்லோ என்னும் நரம்புக் கருவியை வாசிப்பதிலும் தேர்ந்தவர். இசையா, அறிவியலா என்று நெடுங்காலம் தடுமாறி, இறுதியில் அறிவியலைத் தேர்ந்தார்.

1940-ஆம் ஆண்டில் பாக்டீரியாவுக்கு இருவகைச் சர்க்கரைகளைக் கலந்து கொடுத்து அதன் வளர்ச்சியை அளந்தார். குளுக்கோசுடன் பால் சர்க்கரையாகிய லாக்டோசையும் அளித்தால், பாக்டீரியா முதலில் குளுக்கோசை மட்டுமே உண்டு பெருகும். அது தீர்ந்ததும் வளர்ச்சி சிறிது நேரம் நிற்கும். பின்னர் லாக்டோசைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கிக்கொண்டு மீண்டும் வளரும். இடைப்பட்ட அந்நேரத்தில் பாக்டீரியா எதைக் கற்றுக்கொண்டது? அதுவே மோனோவின் கேள்வி.

அப்போது நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. மோனோ தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நின்ற ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புக்குள் இரகசியத் தாள்களை ஒளித்து வைத்தாராம். பிடிபட்டால் மரணம் என்ற நிலையிலும் ஆய்வை அவர் கைவிடவில்லை.

போர் முடிந்ததும், 1945-இல் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர், சூழ்நிலையால் பயிரைப் பழக்கி அதன் மரபையே மாற்றலாம் என்று கூறி, மறுத்த அறிஞர்களை ஒடுக்கச் செய்தார். போர்க்காலத்தில் தாமே பொதுவுடைமைக் கட்சியில் இருந்த மோனோ, 1948-இல் நாளிதழில் அதனைத் துணிந்து கண்டித்தார்.

ஆனால் அவர் தம் கருத்தையும் திருத்திக்கொள்ள நேர்ந்தது. சர்க்கரையே நொதியை உருவாக்கத் தூண்டுகிறது என்று அவர் நம்பியிருந்தார். பிரான்சுவா ஜக்கோப், ஆர்தர் பார்டி ஆகியோருடன் 1957-இல் தொடங்கிய சோதனை அந்நம்பிக்கையைத் தகர்த்தது. நொதிக்குரிய மரபணுவை ஓர் அடக்கி பூட்டி வைத்திருக்கிறது, சர்க்கரை வந்து அப்பூட்டை விலக்குகிறது, அவ்வளவே. பாக்டீரியா புதிதாக எதையும் கற்கவில்லை. திறமை முன்பே மரபணுவில் இருந்தது. இக்கொள்கை 1961-இல் முழுவடிவம் பெற்றது. 1965-இல் ஜக்கோப், லுவோஃப் ஆகியோருடன் மோனோ நோபல் பரிசு பெற்றார். 1966-இல் அந்த அடக்கி ஒரு புரதம் என்பது அமெரிக்காவில் மெய்ப்பிக்கப்பட்டது. 1971-இல் பாஸ்டர் நிலையத்தின் இயக்குநரான அவர், 1976 மே 31 அன்று கான் நகரில் மறைந்தார்.

பூட்டின் அமைப்புத் தெரிந்தால் வேறு சாவிக்கேற்ற பூட்டையும் பொருத்தலாம் அல்லவா? 2006-இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் அதைச் செய்தனர். லாக்டோசைச் சிதைக்கும் மரபணுவை, ஆர்சனிக்கை உணரும் அடக்கியின் கட்டுப்பாட்டில் வைத்தனர். நீரில் ஆர்சனிக் நஞ்சு இருந்தால் பாக்டீரியா லாக்டோசை அமிலமாக்கும். அம்மாற்றமே நஞ்சைக் காட்டிக்கொடுக்கும். வங்கதேசக் கிணறுகளில் அந்நஞ்சு கலந்திருப்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

மாணவ நண்பர்களே! பாக்டீரியாவுக்குப் புதிய பொருளை அறியக் கற்பிப்பவன் மனிதன். அதற்கு வழி திறந்தவரோ, சோதனை மறுத்தபோது தம் கொள்கையையே கைவிடக் கற்றவர். தேர்வுக்காக லாக் ஓபரானை வரையும்போது அம்மனிதரையும் ஒரு கணம் நினைப்போம்.