கடன் சங்கத்துக்குக் கால்கோள் இட்ட ரைஃபைசன்

பயிர்க்கடனுக்கோ உரத்துக்கோ உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போயிருப்பீர்கள். உறுப்பினராக இருந்தால்தான் கடன். எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். ஜாமீன் வேண்டும். இந்தச் சங்கத்துக்கு இன்னின்ன கிராமங்கள் என்று எல்லையும் உண்டு. இதெல்லாம் அரசு அதிகாரிகள் உட்கார்ந்து எழுதிய விதிகள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இவற்றின் வேர் ஜெர்மனியின் ஏழை மலைக்கிராமங்களில் இருக்கிறது. சுமார் 160 ஆண்டுகளுக்கு முன், கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு கிராம நிர்வாகி பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள் இவை. அவர் பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன்.

ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது

1818 மார்ச் 30-ல், ஜீக் ஆற்றங்கரையில் உள்ள ஹம் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர் ஏழாவது. தந்தை விவசாயி, சில காலம் ஊர் நிர்வாகத் தலைவராகவும் இருந்தவர். அவர் நோயில் விழவே, குடும்ப பாரம் தாயின் தலையில் இறங்கியது. மேற்படிப்புக்கு வழியில்லை. உறவினரான ஊர்ப் பாதிரியார்தான் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

17 வயதில் ராணுவத்தின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்ணில் நோய் வந்தது. 1843-ல் ராணுவத்தை விட்டு அரசு நிர்வாகப் பணிக்கு மாறினார். 1845-ல் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் உள்ள வெயர்புஷ் என்ற ஊரின் நிர்வாகத் தலைவராக நியமிக்கப்பட்டார். சுற்றியுள்ள பல சிற்றூர்களும் அவர் பொறுப்பில் வந்தன. குளிர் அதிகம், மண் வளம் குறைவு, நல்ல சாலை கிடையாது. விளைந்ததை விற்கச் சந்தைக்குக் கொண்டு போவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட பகுதி அது.

பஞ்சமும் ரொட்டிச் சங்கமும்

பதவிக்கு வந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் பஞ்சம் வந்தது. ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்குப் பயிர் கருகல் நோயில் அழிந்த காலம் அது. தானிய மகசூலும் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் வெயர்புஷ் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அரசு கொஞ்சம் தானியம் அனுப்பியது. ஆனால், ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே அதைக் கொடுக்கலாம் என்று நிபந்தனை போட்டது. ரொக்கம் இருந்தால் அவர்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்?

ரைஃபைசனுக்கு அப்போது 28 வயது. மேலிடத்து உத்தரவை மீறி, தானியத்தைக் கடனாகக் கொடுத்தார். ஊரில் வசதியானவர்களிடம் நிதி திரட்டினார். பொதுவாக ஒரு ரொட்டி அடுப்பு கட்டி, சந்தை விலையைவிடக் குறைவாக ரொட்டி கிடைக்கச் செய்தார். கையில் காசில்லாதவர்கள் அறுவடைக்குப் பிறகு கொடுக்கலாம். விதைக்கிழங்கும் விதைத் தானியமும் இதே முறையில் வாங்கிக் கொடுத்தார். இதற்கு ரொட்டிச் சங்கம் என்று பெயர். கூடவே ரைன் ஆற்றுப் பக்கம் போகும் சாலைப் பணியையும் தொடங்கினார். சாலை வந்தால்தான் மலையில் விளைவது சந்தைக்குப் போகும் என்பது அவர் கணக்கு.

வாரத்து மாடு

1848-ல் பக்கத்து ஊரான பிளமர்ஸ்பெல்டுக்கு மாற்றப்பட்டார். அங்கே பஞ்சத்தைவிட நாள்பட்ட ஒரு நோய் இருந்தது. நம் பக்கம் ஆடு மாடுகளை வாரத்துக்கு விடுவது உண்டல்லவா? அதுபோல வியாபாரி தன் மாட்டை விவசாயியின் தொழுவத்தில் கட்டுவான். தீவனம், பராமரிப்பு எல்லாம் விவசாயியின் செலவு. கன்றிலும் லாபத்திலும் வியாபாரிக்குப் பங்கு. நல்ல விலை வந்தால் எந்த நேரமும் மாட்டை அவிழ்த்துப் போய்விடுவான். மாடு போனால் உழவும் போச்சு, எருவும் போச்சு, பாலும் போச்சு. கடனுக்கு மாடு வாங்கினாலோ வட்டி கழுத்தை நெரிக்கும். கடைசியில் நிலம் ஏலத்துக்கு வரும்.

1849 டிசம்பரில் ரைஃபைசன் வசதியான 60 பேரைச் சேர்த்து ஓர் உதவிச் சங்கம் ஆரம்பித்தார். சங்கம் கடன் வாங்கும். அதற்கு இந்த 60 பேரும் பொறுப்பு. அந்தப் பணத்தில் மாடு வாங்கி ஏழை விவசாயிக்குக் கொடுப்பார்கள். அவர் ஐந்து ஆண்டுத் தவணையில் அடைக்கலாம். மாடு விவசாயிக்கே சொந்தம். பின்னர் பணமாகவும் கடன் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்துப் பலரைப் போலவே, வட்டிக் கொடுமைக்கான பழியை யூத வியாபாரிகள் மீது மொத்தமாகச் சுமத்தும் போக்கு ரைஃபைசனிடமும் இருந்தது. அவர் வாழ்க்கையில் அது ஒரு கறை. ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்குவது நியாயமில்லை. நியாயமான கடன் கிடைக்க வேறு வாசல் இல்லாததுதான் அந்தக் கிராமங்களின் நோய். அந்த வாசலைத் திறந்ததுதான் ரைஃபைசன் செய்த பெரிய வேலை.

தர்மம் ஏன் நிலைக்கவில்லை?

1852-ல் ரைன் நதிக்கரையில் நோய்வீட் நகரை ஒட்டிய ஹெடெஸ்டார்ஃபுக்கு மாறினார். 1854-ல் அங்கும் ஒரு நலச் சங்கம் தொடங்கினார். ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது, நூலகம், மாட்டுக் கடன், பணக் கடன் என்று பெரிய திட்டம். ஆனால், ஒவ்வொரு வேலையாக நின்றுபோய், கடைசியில் கடன் கொடுப்பது மட்டுமே மிஞ்சியது.

காரணம் எளிது. பொறுப்பு முழுவதும் வசதியானவர்களுடையது, பயன் முழுவதும் ஏழைகளுடையது. ஆரம்பத்தில் இருந்த ஆர்வம் ஓரிரு ஆண்டில் ஆறிப்போகும். அடுத்தவன் கடனுக்கு நான் ஏன் காலமெல்லாம் ஜாமீன் நிற்க வேண்டும் என்ற கேள்வி வரும். வாங்குகிறவருக்கோ சங்கத்தில் குரல் இல்லை. அதனால் அது தன்னுடையது என்ற எண்ணமும் இல்லை.

ரைஃபைசன் ஆழ்ந்த மதநம்பிக்கை உள்ளவர். இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பதே அறம் என்று நம்பியவர். அந்த ஏற்பாட்டைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. 1847-லிருந்து கிட்டத்தட்ட 15 ஆண்டு அதே வழியில் முயன்று பார்த்தார். 1864-ல் ஹெடெஸ்டார்ஃப் சங்கத்தைக் கலைத்துக் கடன் சங்கமாக மாற்றினார். இனி கடன் வேண்டும் என்பவர் உறுப்பினராகச் சேர வேண்டும். சேர்ந்தவர் மற்ற எல்லோருடனும் சேர்ந்து சங்கத்தின் கடனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர் என்ற கோடு அழிந்தது.

அவர் வகுத்த முறை

அந்தச் சங்கம் நடந்த விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

முதலாவது, எல்லை சிறியது. ஒரு சங்கத்துக்கு ஒரு கிராமம், அல்லது ஒருவரை ஒருவர் அறிந்த சில கிராமங்கள். யார் உழைப்பாளி, யார் குடித்து அழிப்பவர் என்று எல்லோருக்கும் தெரியும். விசாரிக்கத் தனிச் செலவே இல்லை.

இரண்டாவது, வரம்பில்லாப் பொறுப்பு. சங்கம் நொடித்தால் உறுப்பினர்கள் தங்கள் சொத்தைக் கொண்டு ஈடுகட்ட வேண்டும். பயமாக இருக்கிறதல்லவா? ஆனால், தனி ஆளாகப் போனால் யாரும் நம்பாத சிறு விவசாயி, ஊரோடு சேர்ந்து பொறுப்பேற்றபோது நம்பிக்கைக்கு உரியவர் ஆனார். வெளியிலிருந்து சங்கத்துக்கு நியாயமான வட்டியில் பணம் கிடைத்தது. அடுத்தவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று கவனிப்பதும் எல்லோருடைய வேலை ஆனது.

மூன்றாவது, கடன் எதற்கு என்பது முக்கியம். சொன்ன காரியத்துக்கே செலவழிக்க வேண்டும். தவணையும் விளைச்சலுக்கு ஏற்றபடி நீண்டதாக இருக்கும். மாடு கன்று போட்டுப் பலன் தரும் முன்பே பணத்தைக் கேட்டால் யாரால் கட்ட முடியும்?

நான்காவது, நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கு எழுதுபவருக்கு மட்டுமே ஊதியம். அவர் கையில் கடன் முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது.

ஐந்தாவது, லாபத்தைப் பங்கு போடக் கூடாது. அது பிரிக்க முடியாத சேமநிதியாகச் சேர வேண்டும். இன்றைய உறுப்பினரின் லாபம் நாளைய தலைமுறைக்குப் பாதுகாப்பு.

இவற்றோடு சேமிப்பும் உண்டு. கூலியாட்களின் சிறு தொகையையும் சங்கம் வைப்பாக வாங்கியது. நகரத்துக்கு ஓடிய பணம், அதே ஊர்க்காரரின் மாடாகவும் பட்டறையாகவும் மாறியது. போகப்போகச் சங்கங்கள் உரம், விதை, தீவனத்தை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்கவும் தொடங்கின.

மங்கிய பார்வை, மகளின் கை

1863-ல் மனைவி எமிலி இறந்தார். பிறந்த ஏழு குழந்தைகளில் நால்வரே பிழைத்திருந்தார்கள். ரைஃபைசனின் பார்வையும் உடல்நலமும் மோசமாகி, 1865-ல், 47 வயதில் பணி ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் போதவில்லை. சுருட்டுத் தொழில் தொடங்கிப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. பிறகு திராட்சை மது வியாபாரத்தில் கொஞ்சம் நிமிர்ந்தார். சிறுதொழில் செய்பவரின் கவலை என்ன என்பதை அவரே அனுபவித்தார்.

மூத்த மகள் அமலி திருமணம் செய்துகொள்ளாமல் தந்தைக்குக் கண்ணாக இருந்தார். வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுவதும், அவர் சொல்லச் சொல்ல எழுதுவதும் அமலியின் வேலை. கடன் சங்கங்களைப் பற்றிய ரைஃபைசனின் நூல் 1866-ல் வெளியானது. சங்கம் ஆரம்பிப்பது எப்படி, கணக்கு வைப்பது எப்படி என்று சொல்லும் செயல்முறைக் கையேடு அது. அதைப் படித்துப் பல ஊர்களில் சங்கங்கள் முளைத்தன.

ஓர் ஊரில் உபரிப் பணம் இருக்கும், இன்னோர் ஊரில் பற்றாக்குறை இருக்கும். இரண்டையும் இணைக்க 1872-ல் நோய்வீட்டில் சங்கங்களுக்கான மைய வங்கியை அமைத்தார். எதிர்ப்பும் வந்தது. நகரக் கைவினைஞர்களுக்குக் கடன் சங்கம் அமைத்துப் புகழ்பெற்ற ஷுல்ட்ஸ் டெலிட்ஷ், பங்குத்தொகை இல்லாத சங்கத்தையும் நீண்ட காலக் கடனையும் ஆபத்து என்று கடுமையாக விமர்சித்தார். ரைஃபைசன் சிலவற்றில் விட்டுக்கொடுத்தார். ஆனால், விவசாயியின் தவணை பயிரையும் கால்நடையையும் பார்த்துத்தான் அமைய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்.

1888 மார்ச் 11-ல், 70-வது பிறந்த நாளுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் காலமானார். அப்போது நூற்றுக்கணக்கான சங்கங்கள் அவர் முறையில் நடந்துகொண்டிருந்தன. இன்றும் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் வங்கிகளும் வேளாண் இடுபொருள் கடைகளும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

சென்னைக்கு வந்த கதை

கோவை மாவட்டக் கையேட்டை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, 1892-ல் சென்னை மாகாண அரசு ஐரோப்பிய வேளாண் வங்கிகளைப் பற்றி ஆராயச் சொன்னது. அவர் 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். சட்டமும் பணமும் மட்டும் போதாது, ரைஃபைசனைப் போன்ற ஒருவர் இங்கும் தேவை என்பதே அதன் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு ரைஃபைசனின் வரம்பில்லாப் பொறுப்பையே அது பொது விதியாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் தமிழகத்தின் முதல் வேளாண் கடன் சங்கம் பிறந்தது.

ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். அங்கே முதலில் சங்கம் வந்தது, சட்டம் பின்னால் வந்தது. இங்கே முதலில் சட்டம் வந்தது. அதனால்தானோ என்னவோ, நம் சங்கத்தை நாம் இன்னும் கடன் கொடுக்கும் அரசு அலுவலகமாகவே பார்க்கிறோம். தள்ளுபடி வருமா என்று காத்திருக்கிறோம். பேரவைக் கூட்ட அறிவிப்பு வந்தால் யார் போகிறார்கள்?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் சுயஉதவிக் குழு, பால் சங்கம் என்று எதில் இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நம் குழுவில் இருப்பவர்களை நமக்கு நேரில் தெரியுமா? நம் சேமிப்பில் ஒரு பங்காவது இங்கே இருக்கிறதா? கணக்கை யார் எழுதுகிறார், யார் சரிபார்க்கிறார்? லாபத்தில் எவ்வளவு சேமநிதிக்குப் போகிறது? மானியம் நின்றாலும் அடுத்த ஆண்டு இது நடக்குமா?

களப்பணி செய்யும் வேளாண் அலுவலர்களும் புதிய குழு தொடங்கும்போது, மானியத் தொகையைச் சொல்வதற்கு முன் இந்தக் கேள்விகளை ஊர்க்கூட்டத்தில் வைக்கலாம். பிறர் பணத்திலும் பிறர் பொறுப்பிலும் நடக்கும் சங்கம் நிலைக்காது என்பதை அறிய ரைஃபைசனுக்கு 15 ஆண்டு பிடித்தது. நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. உங்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டம் எந்தத் தேதி என்று விசாரியுங்கள். ஆண்டறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, அன்று போய் உட்காருங்கள்.